டூமா என்பது யாருடைய பெயர்?

தமிழில் இலக்கியக் கட்டுரை எழுதுவோரிடம் நெடுங்காலமாக ஒரு பழக்கம் உண்டு. பிரெஞ்சுக்காரர் ஒருவரின் குடும்பப்பெயரை மட்டும் எடுத்து, முதற்பெயரோ காலமோ இன்றி, வாக்கியத்தின் தலையில் வைத்துவிடுவது. ரூஸோ சொன்னார், ஃபூக்கோ மறுத்தார், டூமா எழுதினார். எந்த ரூஸோ, எந்த ஃபூக்கோ, எந்த டூமா என்று கேட்பவன் அறிவிலி எனக் கருதப்படுவான். கேட்கத்தான் வேண்டும் என்பது என் தரப்பு. ழான் ழாக் ரூஸோ சமூக ஒப்பந்தம் பற்றி எழுதியவர். ஆன்றி ரூஸோ பாரிஸ் நகரின் சுங்கச்சாவடியில் வேலை பார்த்துக்கொண்டு, தாம் ஒருநாளும் கண்டிராத காடுகளை ஓவியமாகத் தீட்டியவர். மிஷேல் ஃபூக்கோ அதிகாரத்தைப் பற்றிப் பேசியவர். லெயோன் ஃபூக்கோ 1851இல் பாரிஸின் பாந்தியோன் மண்டபத்தில் ஊசலைத் தொங்கவிட்டுப் பூமி சுழல்வதைக் காட்டிய இயற்பியலர். உம்பர்ட்டோ எக்கோவின் நாவல் தலைப்பில் ஆடுவது லெயோனின் ஊசல். அதை மிஷேலின் கண்டுபிடிப்பாகவே கருதி ஒருவர் அரைமணி நேரம் ஆற்றிய கருத்தரங்க உரையை நான் கேட்டிருக்கிறேன். அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை என்பதுதான் கவலைக்குரியது.

இது வெறும் தகவற்பிழை என்றால் திருத்திவிட்டு நகர்ந்துவிடலாம். இதன் அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ஒரே குடும்பப்பெயர் கொண்ட புகழாளர்களை வரிசையாக நிறுத்தினால் அங்கே ஒரு பரம்பரை துலங்கும் என்ற நம்பிக்கை அது. கலைக்களஞ்சியங்கள் அவர்களை அகரவரிசைக்காக அடுக்குகின்றன. நாம் அந்த அடுக்கையே குலவரலாறாக வாசிக்கிறோம். 'மேதைமை இரத்தத்தில் ஓடுகிறது' என்ற முடிவுரை தானாக வந்து அமர்ந்துகொள்கிறது. இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று டூமா என்னும் பெயர். தாத்தா படைத்தலைவர், மகன் நாவலாசிரியர், பேரன் நாடகாசிரியர். மூன்று தலைமுறை, மூன்று மேதைகள், ஒரே இரத்தம்.

அந்தப் பெயரையே எடுத்துக்கொள்கிறேன். டூமா என்பது எந்த ஆண்மகனின் குலத்திலிருந்தும் இவர்களுக்கு வந்த பெயர் அன்று. அது ஓர் அடிமைப் பெண்ணின் பெயர். அப்பெயரைத் தாங்கியவர்கள் வானளாவினார்கள். அவள் மட்டும் எந்தப் பட்டியலின் முதல் வரியிலும் இல்லை. குடும்பப்பெயரால் மனிதரை அடுக்கும் வழக்கம் எதை மறைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

*

முதலில், பட்டியலை அதன் போக்கிலேயே விட்டுப் பார்ப்போம். 'மாஸ்' என்பது தெற்குப் பிரான்ஸில் பண்ணைவீட்டைக் குறிக்கும் சொல். 'டூ மா' என்றால் பண்ணைவீட்டைச் சேர்ந்தவர். எங்கெல்லாம் பண்ணைவீடு இருந்ததோ அங்கெல்லாம் ஒரு டூமா பிறந்திருக்க முடியும். நம் ஊர்களில் மேட்டுத்தெரு வீட்டார், கிணற்றடி வீட்டார் என்று சொல்வதைப் போன்றது இது. இரண்டு ஊர்களின் கிணற்றடி வீட்டார் உறவினர் என்று யாரும் வாதிடுவதில்லை.

1794ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் புரட்சியின் உச்சம். அலெக்சாந்தர் டூமா என்னும் படைத்தலைவர் ஆல்ப்ஸ் படைக்குத் தலைமை தாங்கி, பனி மூடிய மோன் செனி கணவாயைக் கைப்பற்றுகிறார். அதே ஆண்டு பாரிஸில் ரெனே-பிரான்சுவா டூமா என்னும் நீதிபதி, புரட்சித் தீர்ப்பாயத்தின் தலைவராக அமர்ந்து மனிதர்களைக் கில்லட்டினுக்கு அனுப்புகிறார். ஜூலை 28 அன்று ரோபெஸ்பியருடன் அதே கத்திக்குத் தம் தலையையும் கொடுக்கிறார். மாத்யூ டூமா என்னும் இன்னொரு படைத்தலைவர், அமெரிக்க விடுதலைப் போரில் பங்குகொண்டவர், பயங்கர ஆட்சிக்கு அஞ்சி வெளிநாட்டில் புகலிடம் தேடியிருக்கிறார். ஒரே ஆண்டில் ஒரே பெயர் தாங்கிய மூவர்: போரிட்டவர், கொன்று மாண்டவர், தப்பியோடியவர். இவர்களை ஒரு வரிசையில் நிறுத்தினால் தெரிவது பரம்பரையா?

பட்டியல் மேலும் நீளும். பள்ளி வேதியியலில் கரிமச் சேர்மத்தின் நைட்ரஜன் அளவைக் கண்டறியும் 'டூமா முறை'யைப் படித்திருப்பீர்கள். அது 1800இல் அலேஸ் நகரில் பிறந்த வேதியியலர் ழான்-பாப்தீஸ்த் டூமாவுடையது. 1889இல் எழுந்த ஐஃபல் கோபுரத்தின் முதல் தளத்தைச் சுற்றி 72 அறிவியலர், பொறியாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அங்கே குடும்பப்பெயர் மட்டுமே உண்டு. 'டூமா' என்ற எழுத்துகளும் அங்கே உள்ளன. அண்ணாந்து பார்த்து 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' நினைவில் புளகாங்கிதம் அடைவோருக்காகச் சொல்கிறேன்: அது வேதியியலரின் பெயர். அன்று பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் ஒன்றுகூடப் பெண்ணுடையது அன்று என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறேன். இந்தச் செய்தி மீண்டும் தேவைப்படும்.

பின்னும் உண்டு. மித்தெரான் ஆட்சியில் வெளியுறவு அமைச்சராக இருந்து, பின்னர் அரசமைப்பு மன்றத்தின் தலைவராகி, 2024இல் மறைந்த ரோலான் டூமா. தென்னாப்பிரிக்காவில் 1953இல் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வாழும் ஓவியர் மர்லீன் டூமா. இவர்களுக்கும் நாவலாசிரியருக்கும் இடையே பண்ணைவீடு என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை.

நமக்கு அருகிலேயே இருக்கும் டூமா ஒருவர் மீதி. புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியில் டூமா வீதி உண்டு. அந்தப் பெயர்ப்பலகையின் முன் நின்று, நாவலாசிரியருக்கு நம் மண் செய்த மரியாதை என்று நெகிழும் இலக்கிய அன்பர்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வீதி 1735 முதல் 1741 வரை புதுச்சேரியின் ஆளுநராக இருந்த பியேர் பெனுவா டூமாவின் பெயரால் ஆனது. நாவலாசிரியர் பிறந்ததே 1802இல். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்குகிறதே, அது இந்த ஆளுநரின் காலம். ஆற்காட்டு நவாபிடமிருந்து நாணயம் அடிக்கும் உரிமையைப் பெற்றவர் இவர். 1739இல் காரைக்காலைப் பிரெஞ்சுக் கம்பெனிக்குச் சேர்த்தவர். 1740இல் நவாப் தோஸ்த் அலி மராட்டியரிடம் போரில் மாண்டபோது அவர் குடும்பத்தாருக்குப் புதுச்சேரியில் அடைக்கலம் தந்து, மராட்டியர் மிரட்டியும் அவர்களை ஒப்படைக்க மறுத்தவர். திறமையான ஆட்சியாளர், ஐயமில்லை.

ஆயின் புதுச்சேரிக்கு வருமுன் அவர் எங்கே இருந்தார்? இந்தியப் பெருங்கடலில் பூர்போன் தீவின் ஆளுநராக 1727 முதல் 1735 வரை. இன்று அத்தீவின் பெயர் ரியூனியன். அங்கே காப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. மடகாஸ்கரிலிருந்தும் கிழக்காப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் அத்தோட்டங்கள் விளைந்தன. 18ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரையிலிருந்தும் ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் உண்டு. அடிமையை அசையும் சொத்தாக வரையறுத்த 'கறுப்புச் சட்டம்' 1723ஆம் ஆண்டு அரச ஆணையால் அத்தீவுகளுக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. அச்சட்டத்தின் மேல் அமர்ந்து ஆண்டவர் ஒரு டூமா. அதே வகைச் சட்டத்தின் கீழ், உலகின் மறுகோடியில், இன்னொரு டூமா சொத்தாக இருந்தாள். பட்டியலில் ஆளுநருக்கு ஓர் இடம் உண்டு, அவளுக்கு இல்லை.

*

அவள் பெயர் மரி-செசெத் டூமா. கரீபியத் தீவில் பிரான்ஸின் செல்வக் குடியேற்றமாக விளங்கிய சான்-தொமேங், இன்றைய ஹெய்ட்டி, அவள் வாழ்ந்த இடம். ஆப்பிரிக்க வழியினள். அலெக்சாந்தர் அந்துவான் தாவி த லா பய்யெத்ரி என்னும் நார்மண்டிப் பிரபு அவளை விலைக்கு வாங்கினார். 1762 மார்ச் 25 அன்று ஜெரெமி பகுதியில் அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தை தொமா-அலெக்சாந்தர். அவளைப் பற்றி ஆவணங்கள் தருவது சில வரிகளே. அவள் இறந்த காலத்தைக்கூட ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்கின்றன. அவளுக்கு டூமா என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஓர் ஊகம் உண்டு: பண்ணைக்குச் சொந்தமானவள் என்பதே 'டூ மா' ஆகியிருக்கலாம். அந்த ஊகம் உண்மையானால், உலக இலக்கியத்தின் புகழ்பெற்ற குடும்பப்பெயர்களுள் ஒன்று தொடக்கத்தில் சொத்துப் பதிவேட்டின் ஒரு குறிப்பு.

தந்தை என்ன செய்தார்? 1775இல் தம் குடும்பச் சொத்துக்கு உரிமை கோரிப் பிரான்ஸ் திரும்ப வேண்டியிருந்தது. கப்பல் கட்டணத்துக்குப் பணமில்லை. பெற்ற மகனை, பின்னர் மீட்டுக்கொள்ளும் உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, விற்றார். மறு ஆண்டு அம்மகனை மீட்டுப் பிரான்ஸுக்கு வரவழைத்தார். மரி-செசெத்தின் மற்றப் பிள்ளைகளுக்கு அந்த மீட்பு வாய்க்கவில்லை. அவர்கள் அடிமைகளாகவே பின்தங்கினர். இரத்தத்தின் பெருமை பேசுவோர் இந்த இடத்தில் சற்று நின்று பேச வேண்டும். இரத்தம் அந்தப் பிள்ளைகளிலும் அதேதான் ஓடியது. அவர்களுள் எத்தனை படைத்தலைவர்கள், எத்தனை கதைசொல்லிகள் இருந்தார்கள் என்று எந்தக் கலைக்களஞ்சியம் சொல்லும்? மேதைமையைத் தீர்மானித்தது குருதியன்று. யாருக்குக் கப்பலில் இடம் கிடைத்தது என்பது.

1786இல் அந்த இளைஞர் அரசியின் குதிரைப்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். பிரபுவின் மகன் கடைநிலைச் சிப்பாயாவது குலத்துக்கு இழுக்கு; தம் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று தந்தை நிபந்தனை விதித்ததாக நாவலாசிரியர் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதுகிறார். மகன் தாவி த லா பய்யெத்ரி என்ற பட்டத்துப் பெயரை உதறினார். படைப்பதிவேட்டில் எழுதியது: அலெக்சாந்தர் டூமா. தாயின் பெயர். சில நாள்களில் தந்தை இறந்தார். அதன் பின்னும் மகன் பழைய பெயருக்குத் திரும்பவில்லை.

இந்தக் கையெழுத்தே டூமா பரம்பரையின் தொடக்கம். ஒரு மனிதன் தன் தந்தையின் பெயரை விட்டு, சட்டத்தின் கண்ணில் மனுஷியாகவே கருதப்படாத தன் தாயின் பெயரைத் தேர்ந்தெடுத்தான். மரபு என்று இதைச் சொல்லலாமென்றால் சொல்லுங்கள். அந்த மரபின் ஊற்றுக்கண் ஒரு முடிவு.

அவர் உயர்ந்தார். 31 வயதில் படைத்தளபதி. 1797இல் டிரோல் பகுதியில் ஒரு பாலத்தைத் தனியொருவராகத் தடுத்து நின்றதற்காகப் பண்டை ரோமானிய வீரன் ஹொராத்தியஸ் கொக்கிளஸோடு ஒப்பிடப்பட்டார். எகிப்துப் படையெடுப்பில் நெப்போலியனோடு முரண்பட்டார். திரும்பும் வழியில் தரந்தோவில் பிடிபட்டு, 1801 வரை சிறையிருந்து, உடைந்த உடலோடு வீடு வந்தார். 1794இல் புரட்சி அரசு ஒழித்த அடிமைமுறையை நெப்போலியன் 1802 மே மாதம் குடியேற்றங்களில் மீண்டும் சட்டமாக்கினார். இரண்டு மாதம் கழித்து, ஜூலை 24 அன்று, வில்லேர்-கோத்ரே என்னும் சிற்றூரில் தளபதிக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தக் குழந்தைதான் பின்னாளின் நாவலாசிரியர். 1806இல் தளபதி இறந்தார். மனைவி மரி-லூயிஸ் லபூரேவுக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. விடுதிக்காரர் ஒருவரின் மகளான அந்தப் பெண் வறுமையில் மகனை வளர்த்தார். 'மூன்று டூமாக்கள்' கதையில் இவரும் வருவதில்லை.

*

நாவலாசிரியரிடம் வருகிறேன். அவரை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். 1844இல் 'மூன்று துப்பாக்கி வீரர்கள்', அதே ஆண்டில் தொடங்கிய 'மோந்தே கிறிஸ்தோ' இரண்டையும் தொடர்கதை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவைக்கும் நம் தீவிர இலக்கியக் கறார்த்தனம் வேறொரு சண்டைக்குரியது. இங்கே நான் கேட்பது, அவர் இப்பெயரோடு எவ்வாறு வாழ்ந்தார் என்பதை.

அவருக்கு எதிராக 1845இல் எழுதப்பட்ட மீர்கூர் என்பவரின் துண்டுநூல், அவரை 'நாவல் தொழிற்சாலை' நடத்துபவர் எனச் சாடியது; அத்தோடு நிற்காமல் அவரது நிறத்தையும் பாட்டியையும் இழிவுசெய்தது. மீர்கூர் அவதூறு வழக்கில் தண்டிக்கப்பட்டார். பாட்டியை உலகம் அவருக்கு நினைவூட்டிக்கொண்டேயிருந்தது, வசையாக மட்டும். அதற்கு இரண்டாண்டு முன்பே, 1843இல், அவர் 'ஜோர்ஜ்' என்ற நாவலை எழுதியிருந்தார். கலப்பின இளைஞன் ஒருவன் வெள்ளைத் தோட்ட முதலாளிகளின் அவமதிப்பை எதிர்த்து எழும் கதை. களம் இல் த பிரான்ஸ், இன்றைய மொரீஷியஸ். ஆளுநர் டூமா ஆண்ட பூர்போனின் அண்டைத் தீவு. ஒரு டூமா அடிமைச் சட்டத்தை நடத்திய கடற்பரப்பில், இன்னொரு டூமா அடிமைக் கிளர்ச்சியைக் கற்பனைசெய்தார். குடும்பப்பெயர்ப் பட்டியலில் இருவரும் அருகருகே சமாதானமாக இருக்கிறார்கள். பட்டியலின் பொய் இதுதான்.

ஆயின் என் வாதத்துக்கு இடைஞ்சலான ஓர் உண்மையையும் நான் மூடிவைக்கக் கூடாது. ஒகுஸ்த் மக்கே. வரலாற்று ஆசிரியராக இருந்த இவர், நான் மேலே குறித்த இரு பெருநாவல்களிலும் கதைத்திட்டமும் வரைவும் தந்து உடனுழைத்தவர். நூல்களின் முகப்பில் இருந்தது ஒரே பெயர். மக்கே வழக்குத் தொடர்ந்தார். 1858இல் தீர்ப்பு வந்தது: பணத்தில் பங்கு உண்டு, முகப்பில் பெயர் இல்லை. பிறருக்காக மறைந்திருந்து எழுதுபவரைக் குறிக்கப் பிரெஞ்சில் நெடுங்காலம் வழங்கிய சொல், கறுப்பினத்தவரை இழிவாகக் குறித்த அதே சொல்; 2017இல்தான் பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சகம் மாற்றுச் சொல்லைப் பரிந்துரைத்தது. அடிமைப் பெண்ணின் பேரன் ஒரு வெள்ளையரின் உழைப்பைத் தம் பெயருக்குள் கரைத்துக்கொண்டார். இதனால் அவர் படைப்பாற்றல் குறைந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. மக்கே தனித்து எழுதியவற்றை இன்று யாரும் தேடிப் படிப்பதில்லை. வரைவுக்கு உயிர் கொடுத்தது டூமாவின் கை. ஆயினும் ஒரு பெயர் புகழடையும்போது அதன் அடியில் வேறு பெயர்கள் புதைகின்றன. இந்த விதிக்குப் பாதிக்கப்பட்டோரின் வழிவந்தோரும் விலக்கில்லை.

மகன் டூமாவின் கதையும் இதையே சொல்கிறது. 1824இல் பாரிஸில் பிறந்தவர். தாய் காத்ரின் லபே, தையற்காரி. பெற்றோர் மணந்துகொள்ளவில்லை. 1831இல் தந்தை சட்டப்படி ஏற்றுக்கொண்ட பிறகே அவர் டூமா ஆனார். அதே சட்டம் சிறுவனைத் தாயிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் கொடுத்தது. விடுதிப் பள்ளியில் 'முறையற்ற பிறப்பு' என்று சக மாணவர்கள் அவரைப் பரிகசித்தார்கள். தாத்தா, தாயின் பெயரைத் தானே எடுத்துக்கொண்டார். பேரனோ அதே பெயரைப் பெறுவதற்காகத் தாயை இழந்தார். ஒரு பெண்ணிடமிருந்து வந்த பெயர் மூன்றாம் தலைமுறையில் இன்னொரு பெண்ணிடமிருந்து பிள்ளையைப் பறிக்கும் கருவியாகிவிட்டது. 'காமெலியாப் பெண்' நாவலும் 1858இல் மேடையேறிய 'முறையற்ற மகன்' நாடகமும் இந்தக் காயத்தின் பக்கத்தில் வைத்து வாசிக்கப்பட வேண்டியவை. இரத்தத்தின் பெருமை பாடுவதற்குரிய சான்றுகள் அல்ல.

நிறுவனங்கள் என்ன செய்தன என்பதும் பார்க்கத்தக்கது. பிரெஞ்சு அகாதெமி நாவலாசிரியரை ஒருபோதும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1874இல் அவர் மகன் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டு வேதியியலர் டூமா தேர்ந்தெடுக்கப்பட்டார். நாற்பது இருக்கைகளில் இரண்டில் டூமாக்கள் அமர்ந்திருந்தார்கள். உலகம் எந்த டூமாவைப் படித்ததோ அவர் மட்டும் அங்கே இல்லை. அவர் 1870இலேயே இறந்துவிட்டார். 2002 நவம்பர் 30 அன்று அவர் எச்சங்கள் பாந்தியோனுக்கு மாற்றப்பட்டன. பாரிஸின் ஒரு சதுக்கத்தில் நாவலாசிரியருக்கு 1883இலும் அவர் மகனுக்கு 1906இலும் சிலை வைத்தார்கள். தளபதியின் சிலை 1913இல் திறக்கப்பட்டது. மூன்று டூமாக்களின் சதுக்கம் என்று அது அழைக்கப்பட்டது. செருமானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் அகற்றப்பட்டது எந்தச் சிலை? தளபதியுடையது. மற்ற இரண்டும் நின்றன. 2009இல் அந்தச் சதுக்கத்தில் உடைந்த அடிமைச் சங்கிலியின் வடிவில் ஒரு சிற்பம் நிறுவப்பட்டது. 1802இன் மீளடிமைப்படுத்தலை எதிர்த்துக் கொல்லப்பட்ட குவாதலூப் பெண் சொலித்யூதுக்கு 2022இல் அங்கேயே ஒரு சிலை எழுந்தது. நல்லவை. ஆயின் அந்தச் சதுக்கத்துக்கே பெயர் தந்த மரி-செசெத் இன்னும் வெளியேதான் நிற்கிறாள்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். நாவலாசிரியர் பிறந்த, தளபதி இறந்த வில்லேர்-கோத்ரே ஊரில் 2014இல் பதவியேற்ற மேயர், அடிமை ஒழிப்பு நினைவுநாளை நகராட்சி சார்பில் நடத்த மறுத்தார். 2010இல் வெளிவந்த பிரெஞ்சுப் படம் ஒன்றில் நாவலாசிரியராக நடித்தவர் வெள்ளையரான ழெரார் தெபார்தியூ. தோலைக் கறுப்பாக்கி, முடியைச் சுருட்டி நடித்தார். எதிர்ப்பு எழுந்தது. பெயரைக் கொண்டாடுவதில் யாருக்கும் தயக்கம் இல்லை. பெயரைத் தந்தவளின் நிறம்தான் தயங்க வைக்கிறது.

*

'பட்டியல் ஒரு வசதிதானே, அதன்மேல் ஏன் இத்தனை கோபம்?' என்று கேட்கப்படும். தொலைபேசி அட்டவணையின்மேல் எனக்கும் கோபமில்லை. யார் 'குறிப்பிடத்தக்கவர்' என்று முடிவுசெய்துவிட்டுத் தொடங்கும் பட்டியல் தொலைபேசி அட்டவணை அன்று. அது ஒரு தீர்ப்பு. சாதனை செய்தவர்களை மட்டும் சேர்ப்போம் என்பார்கள். சாதனைக்கு வாய்ப்பே மறுக்கப்பட்டவளின் பெயரால் அப்பட்டியல் நிற்கிறதே என்றால், பதில் வராது.

'பெண்ணின் பெயரை முன்வைப்பது இன்றைய அரசியலை அன்றைய வாழ்வில் திணிப்பது' என்பது இன்னொரு மறுப்பு. 1786இல் படைப்பதிவேட்டில் தாயின் பெயரை எழுதியவர் இன்றைய அரசியலைப் படித்துவிட்டு எழுதவில்லை. நாம் திணிக்க வேண்டியது ஒன்றுமில்லை. அவர் எழுதியதை அழிக்காமல் இருந்தால் போதும்.

'புதுச்சேரி வீதியின் பெயரை மாற்றச் சொல்கிறாயா?' இல்லை. பெயர்ப்பலகைகளைக் கழற்றி மாட்டுவதால் வரலாறு திருந்துவதில்லை. அது ஆளுநர் டூமாவின் வீதியாகவே இருக்கட்டும். அவர் புதுச்சேரியில் என்ன செய்தார், அதற்கு முன் பூர்போனில் எதை ஆண்டார் என்று தெரிந்தவர்களாக நாம் அவ்வழியே நடப்போம். அவர்மேல் நாவலாசிரியரின் ஒளியைப் பாய்ச்சி, காலனிய நிருவாகி ஒருவரை இலக்கியத் தெய்வமாக்கும் அறியாமைதான் எனக்கு உடன்பாடில்லாதது.

இதில் தமிழ் வாசகருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நம்மிடம் பெரும்பாலும் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் போதும். ஆகவே பிரெஞ்சுக் குடும்பப்பெயர் நம் காதில் ஆளின் சொந்தப் பெயராகவே விழுகிறது. டூமா என்றால் ஒரே டூமாதான் என்று தோன்றுகிறது. பெயருக்குப் பின்னால் சாதியைச் சுமக்காமல் எழுதப் பழகிய நாம், அடுத்த நாட்டாரின் வால்பெயரை மட்டும் மந்திரம்போல் உச்சரிப்பது விந்தை. நம் முதலெழுத்திலும் வழக்கமாகத் தாய்க்கு இடமில்லை என்பதை மறந்துவிட வேண்டாம். மரி-செசெத் மறைந்துபோனதைப் பிரெஞ்சுக்காரர்களின் குற்றம் என்று மட்டும் சொல்லிக் கைகழுவ நமக்குத் தகுதியில்லை.

நான் கேட்பவை எளியவை. கட்டுரையில் முதன்முறை குறிப்பிடும்போது முழுப்பெயரை எழுதுங்கள், காலத்தைக் குறியுங்கள். 'மூன்று தலைமுறை மேதைகள்' என்ற தேய்ந்த வரியை விட்டுவிடுங்கள். பாடநூல் எழுதுவோரும் மொழிபெயர்ப்பு நூல்களுக்கு முன்னுரை எழுதுவோரும் நாவலாசிரியரை 'தளபதி டூமாவின் மகன்' என்று அறிமுகப்படுத்துவதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னும் ஒரு தலைமுறை மேலே செல்லுங்கள். அங்கே பிரபு ஒருவர் இருக்கிறார். அவரைக் கடந்து செல்லுங்கள். அவர் பெயரை அவர் மகனே வேண்டாமென்று விட்டுவிட்டார்.

டூமா என்னும் பெயருடைய குறிப்பிடத்தக்கவர்களை வரிசைப்படுத்தச் சொன்னால் என் மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் பெயர் மரி-செசெத். அவள் போரில் வென்றதில்லை, நூல் எழுதியதில்லை, கோபுரத்தில் பொறிக்கப்படவில்லை. மற்றவர்கள் அப்பெயரைப் பெற்றார்கள், அவள் தந்தாள்.